பேட்டுக்குப் போடுகிறவள்

ஆட்டம் முடிந்த கையோடு கோர்ட்டில் சாக்கு இழுத்துவிட வேண்டும். எதிரே ஆடிய மெம்பர் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதற்குள் இழுத்துவிட வேண்டும். பாலம்மாள் இதை ஒருநாளும் மறந்தவள் அல்ல. டென்னிஸில் இரண்டு தடவை இந்திய சாம்பியனாக இருந்தவள், முழங்காலில் ஆபரேஷன் தழும்போடு, ஐம்பத்தோரு வயதில், மூங்கிலில் கட்டிய சாக்கை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த விருந்தாளிகள் "ஐயோ பாவம்" என்பார்கள். பாவமாவது, புண்ணியமாவது! அந்தச் சாக்கு எதை அழிக்கிறது என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

செம்மண் கோர்ட் பொல்லாதது. பந்து எங்கே விழுந்ததோ அங்கே தடம் பதித்து வைத்துக்கொள்ளும். ஆடி மாதச் சாரலில் மண் ஈரமாகக் கிடக்கும்போது கேட்கவே வேண்டாம், அச்சு வார்த்தது மாதிரி இருக்கும். கிளப்பின் மூத்த மெம்பர் ராகவேந்திரன் சார் ஆடுகிற பக்கத்தை யாராவது உட்கார்ந்து பார்த்தால் குட்டு உடைந்து போகும். அங்கே விழுந்த பந்தெல்லாம் அவர் நின்ற இடத்தைச் சுற்றியே விழுந்திருக்கும். அவர் கையை நீட்டினால் போதும், காலை எடுத்து வைக்க வேண்டாம். இரண்டு வருஷமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு வருஷமாகச் சாக்கை இழுத்து அழித்துக்கொண்டும் இருந்தாள்.

அன்று காலை லக்ஷ்மி மாமி கெடுத்தாள். ராகவேந்திரன் சாரின் மனைவி. பொதுவாகக் கோர்ட்டுப் பக்கம் வராதவள், பிளாஸ்க்கில் காபியோடு கிளப் கேட்டில் வந்து நின்று, "பாலா, பாலா" என்று கையை ஆட்டினாள். ஏதோ ஆகிவிட்டது என்று பாலம்மாள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒன்றும் இல்லை. "இன்னிக்கு மூச்சு வாங்கினாரா? முகம் ஏன் வெளிறினாப்ல இருக்கு?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். இதைக் கேட்க இதுவா நேரம்!

அந்த இடைவெளியில் மகன் கேஷவ் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டான். பெங்களூரிலிருந்து லீவில் வந்தவன். விஷமம் எதுவும் இல்லாமல், வேடிக்கையாகத்தான் சொன்னான்.

"அப்பா, இங்க வந்து பாருங்கோளேன். பந்தெல்லாம் ஒரே எடத்துல விழுந்திருக்கு. கோழி கொத்தி வெச்ச மாதிரி!"

பாலம்மாள் திரும்பிப் பார்த்தபோது ராகவேந்திரன் சார் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வலையைச் சுற்றி வந்து அவள் ஆடிய பக்கத்தையும் பார்த்தார். அங்கே நாலு மூலையிலும் தடம். தன் பக்கத்தைத் திரும்பப் பார்த்தார். ஒரு பாயை விரித்தால் மூடிவிடலாம். முப்பத்தைந்து வருஷம் அணைக்கட்டுகளை அளந்த இன்ஜினியர் அவர், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தன நாளா நடக்கறது இது?"

"சார், அது வந்து..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

எப்படிச் சொல்வாள்? கேட்டில் நின்றிருந்த மாமியின் முகத்தைப் பார்த்தாள். மாமி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்தாள்.

"சாம்பியன்கிட்ட நாலு கேம் எடுக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன். ஒம் முழங்கால் சரியில்ல, அதனாலதான்னு நானே சமாதானமும் சொல்லிப்பேன். நீ மார்க்கர் பொண்ணாவேதான் இருந்திருக்கே" என்றார். குரலில் இருந்தது அவமானம்தான், கோபமில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

பிறகு பக்கத்தில் ஷூ கட்டிக்கொண்டிருந்த விஜயசங்கரைப் பார்த்தார். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நாற்பது வயது, எதிரே நிற்பது யாராக இருந்தாலும் மூலைக்கு மூலை விரட்டாமல் விடமாட்டார்.

"நாளைக்குக் காலம்பற ஒரு செட். எல்லாரும் பாக்கட்டும். உள்ளபடி ஆடணும் நீ. ஒரே ஒரு பந்தை எம் பேட்டுக்குப் போட்டேன்னாலும் சரி, அதோட இந்த கேட்டுக்குள்ள நீ வரப்படாது. நாளன்னிலேர்ந்து விஜயசங்கரோட ஆடிக்கறேன்."

"அதுக்கென்ன சார், தாராளமா!" என்றார் விஜயசங்கர். அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் மாமியும் பாலம்மாளும்தான். ராகவேந்திரன் சாருக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனால் டாக்டர் மாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அவருக்குத் தெரியாது. நடக்கலாம், நின்ற இடத்தில் கையை வீசலாம், ஓடினால் அன்றோடு சரி என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு இறங்கவில்லை, பேச்சில்லை. "நான் முடிஞ்சு போயிட்டேன்டி" என்று மட்டும் சொன்னாராம். அப்போதுதான் மாமி பாலம்மாளைத் தேடி அவள் வேலை பார்க்கிற ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டருக்கே வந்துவிட்டாள்.

"அவர ஆட வைக்கணும்டீம்மா. ஆனா கால் நகரப்படாது. நகரலேன்னு அவருக்குத் தெரியவும் படாது. ஒன்னால முடியுமா?"

பாலம்மாள் சிரித்தேவிட்டாள். "அது எங்கப்பா சொல்லிக்குடுத்த தொழிலு மாமி. அத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் அப்பா பேர் கடற்கரை, ஊர் வடகரை. வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை யாரோ ஐந்தருவி ரோட்டில் இருக்கிற இந்தக் கிளப்புக்கு உருளை இழுக்கக் கூட்டி வந்தார்கள். உருளை இழுத்தவர் பந்து பொறுக்கினார், பந்து பொறுக்கியவர் மார்க்கர் ஆனார். மார்க்கர் என்றால் ஆள் குறைகிற நேரத்தில் மெம்பரோடு ஆடுகிற சம்பள ஆள். அவன் மெம்பரை ஜெயிக்கக் கூடாது. மோசமாகவும் தோற்கக் கூடாது, அப்படித் தோற்றால் மெம்பருக்குச் சப்பென்று ஆகிவிடும். வியர்க்க வைத்து, வாதாட வைத்து, கடைசியில் ஒரு இழை வித்தியாசத்தில் அவரை ஜெயிக்க வைக்க வேண்டும். அதற்குப் பேர்தான் பேட்டுக்குப் போடுகிறது. "ஏட்டி, மெம்பர் ஓடப்பிடாது. பந்துதான் அவுகளத் தேடி ஓடணும்" என்பார் கடற்கரை. வெற்று ஆளா அவர்? கண்ணைக் கட்டிவிட்டாலும் எதிராளியின் பேட்டுக்கு நடுவில் போடுவார்.

மெம்பர்களின் மனைவிமார் ஆட ஆசைப்பட்டபோது ஆம்பிளை மார்க்கரோடு ஆடத் தயங்கினார்கள். அதனால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதிமூன்று வயதுப் பாலம்மாள் கோர்ட்டில் இறங்கினாள். வேண்டுமென்றே தோற்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஜெயிக்கக் கற்றுக்கொண்டாள். உலகத்தில் எந்தச் சாம்பியனும் இந்த வழியாக வந்திருக்கமாட்டாள்!

பள்ளிக்கூடப் போட்டி, ஜில்லா, சென்னையில் மாநிலம் என்று ஒவ்வொன்றாக ஏறினாள். அவளைப் பார்த்துப் பெரிய இடத்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். ஏனென்றால் அவள் பாயிண்டை முடிக்கவே மாட்டாள். எங்கே அடித்தாலும் எடுத்து, திருப்பி அவர்கள் பேட்டுக்கே போடுவாள். பத்து தடவை, இருபது தடவை. பொறுமை போய் அவர்களே வெளியே அடித்துத் தொலைப்பார்கள். தொண்ணூற்று மூன்றில் டெல்லியில் அப்படித்தான் சாம்பியன் ஆனாள், மறு வருஷமும் அப்படியே.

மூன்றாவது வருஷம் பெங்களூரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆட வந்தார்கள். அரை இறுதியில் நெட்டையாக ஒருத்தி. அவளுக்குப் பொறுமை போகவே இல்லை. கடைசி செட்டில் பாலம்மாளுக்கு மேட்ச் பாயிண்ட். அந்தப் பெண் வழுக்கி ஓரத்தில் விழுந்து எழுந்து நிற்கிறாள், மொத்தக் கோர்ட்டும் காலி. பச்சைப் பிள்ளைகூடக் காலி இடத்தில் தட்டிவிடும். பாலம்மாளின் கை என்ன செய்தது தெரியுமா? பந்தைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் பேட்டில் பதமாக வைத்தது. அவ்வளவுதான், ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. வெளிநாட்டு வாய்ப்பும் அதோடு போனது. யாரும் திட்டவில்லை. அன்றிலிருந்து தன் வலது கையைப் பார்த்தாலே அவளுக்குக் கொஞ்சம் வெறுப்பு.

அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை, முப்பத்தொன்றில் முழங்கால், ஆட்டத்திலிருந்து ரிடயர்மென்ட், கல்யாணம். ஒரு சாம்பியனின் கதை சாம்பியன் ஆன பிறகு இவ்வளவு வேகமாக ஓடிவிடுகிறது.

ராகவேந்திரன் சாருக்கும் அவளுக்கும் இடையில் இன்னொரு ஆட்டமும் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றில் அவள் டெல்லிக்கு ரயிலேறுவதற்கு முந்தின நாள், கிளப்பில் வழியனுப்பு விழா. அதில் ஒரு செட், சாரும் அவளும். அப்போது அவருக்கு நாற்பது வயது, நன்றாகவே ஆடுவார். ஆறு-நாலு என்று அவர் ஜெயித்தார். பத்து நாளில் அவள் இந்திய சாம்பியன். அன்றையிலிருந்து இன்றுவரை கிளப்புக்கு வருகிற புது மனிதர் ஒருவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியது கிடையாது. "சாம்பியன் ஆறதுக்கு முன்னாடி அவள கடைசியா ஜெயிச்சவன் யாருன்னு நெனைக்கறேள்?" என்று ஆரம்பிப்பார். பாலம்மாள் பக்கத்தில் நின்றால் தலையை ஆட்டுவாள். வேலிக்கு வெளியே அன்றைக்கு அப்பா நின்றதும், நாலு-நாலில் 'விட்டுக்கொடு' என்கிற மாதிரி அவர் இருமியதும் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவரும் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது.

அன்று ராத்திரி புளியறையில் பரோட்டாக் கடையை மூடிவிட்டு வந்த அவள் கணவன் விஜய்பாண்டி விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? வயித்து வலி, வரலன்னு போன் பண்ணிச் சொல்லு."

"நான் போவலன்னா விஜயசங்கர் ஆடுவாரு. மூணாவது பந்துல சாரு விழுந்துருவாரு."

"அப்ப உள்ளதச் சொல்லிரு. ஓடப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு."

"சொன்னா திரும்ப செவத்தப் பாத்துப் படுத்துருவாரு. அந்த ஒரு மாசத்த நீங்க பாக்கல, நான் பாத்திருக்கேன்."

"ஆடுனா ஓடிச் சாவாரு, ஆடலன்னா படுத்துச் சாவாரு. நல்ல கூத்து! என்னமும் ஆச்சுன்னா ஊரு ஒன்னயத்தான சொல்லும்?" என்றான். அவனுக்குப் பயம் வந்தால் இப்படித்தான் கத்துவான். பாலம்மாள் வலது கையை இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல மழையாகக் கொட்டியிருந்தால் ஆட்டமே இருந்திருக்காது, அப்படிக் கொட்டவும் இல்லை. ஈரத்தில் பந்து கனத்துப் போகும், எழும்பாது. எழும்பாத பந்தை எடுக்க முன்னால் ஓடி வர வேண்டும். எல்லாமே சதி செய்கிற மாதிரி இருந்தது. லக்ஷ்மி மாமி இரும்பு நாற்காலியில் மடியில் பர்ஸை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பர்ஸுக்குள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது. கேஷவ் அம்மாவுக்குக் குடை பிடித்தான். விஜயசங்கர் உயரமான ஸ்டூலில் ஏறி ஸ்கோர் சொல்ல உட்கார்ந்தார். நாலைந்து மெம்பர்கள் காபி டம்ளரோடு வராண்டாவில் கூடிவிட்டார்கள்.

"ஞாபகம் இருக்கோல்லியோ?" என்றார் ராகவேந்திரன் சார்.

"இருக்கு சார்."

முதல் கேமில் அவர் சர்வீஸ். பாலம்மாள் ராத்திரி படுக்கையில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பேட்டுக்கும் போடக் கூடாது, ரொம்பத் தள்ளியும் போக வேண்டாம், ஒரு எட்டு, ரெண்டு எட்டுத் தள்ளிப் போட்டால் அவரும் ஆடின மாதிரி இருக்கும், ஆபத்தும் இருக்காது. அந்தக் கணக்குப்படி முதல் பந்தை ரெண்டு எட்டுத் தள்ளிப் போட்டாள். ராகவேந்திரன் சார் பாய்ந்தார். எடுத்தார். அடுத்தது அந்தப் பக்கம் ரெண்டு எட்டு. அதற்கும் ஓடினார், எடுத்தார். மூன்றாவதற்கு வலை வரைக்கும் ஓடி வந்தார். பந்து வலையில் விழுந்தது. பேட்டை ஊன்றி நின்று வாயால் மூச்சு விட்டார். இடது கை தன்னால் நெஞ்சுக்குப் போய், சட்டைப் பித்தானைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு இறங்கியது.

நாற்காலியில் மாமி பர்ஸைத் திறந்தாள்.

பாலம்மாள் பார்த்துவிட்டாள். என்ன காரியம் செய்துவிட்டோம்! எட்டிவிடலாம் என்று தோன்றுகிற பந்துதான் மனுஷனை ஓட வைக்கும். ரெண்டு எட்டுத் தள்ளிப் போடுகிற பந்துதான் இவரைக் கொல்லும். பேட்டுக்குப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார். அப்படியானால் மிச்சம் இருக்கிறது ஒன்றே ஒன்று. எட்டவே எட்டாது என்று பார்த்த உடனே தெரிகிற இடத்தில் அடிக்க வேண்டும். கால் எடுத்து வைக்கிற ஆசைகூட வராத அளவுக்குத் தூரத்தில், வேகத்தில். இரக்கமே இல்லாமல் அடிப்பதுதான் இரக்கம்.

யோசிக்கச் சுலபம். ஆனால் அடிக்க வேண்டியது இந்தக் கை அல்லவா! நாற்பது வருஷமாக எதிராளியின் பேட்டைத் தவிர வேறு ஊர் தெரியாத கை.

அடுத்த பந்து இடுப்பு உயரத்துக்கு வந்தது. எதிர் மூலை காலி. கை வழக்கம்போல மணிக்கட்டை மெதுவாகத் திருப்பி, பந்தை அவர் வலது பக்கம் கொண்டுபோகப் பார்த்தது. பாலம்மாளுக்கு அது தெரிந்தது. பெங்களூர் கோர்ட் கண்முன் வந்தது. வேலிக்கு வெளியே அப்பா இருமுகிற மாதிரிகூட இருந்தது. 'போதும்ப்பா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்து, தோளோடு சேர்த்து ஓங்கி விட்டாள். பந்து காலி மூலைக் கோட்டில் விழுந்து வேலியில் போய் அறைந்தது. ராகவேந்திரன் சார் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். கால் அசையவில்லை.

வராண்டாவில் ஒருவர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

அதற்கப்புறம் நடந்ததை விஜயசங்கர் இன்றுவரை ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டுக்கொண்டே சொல்கிறார். ஐந்து கேம் வரை அவள் சர்வீஸ் ஒன்றையும் சார் தொடவில்லை. அவர் சர்வீஸ் போட்டால் முதல் அடியிலேயே பந்து ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். இந்த மூலை, அந்த மூலை, பக்கக் கோடு, பின் கோடு. ஸ்கோர் சொல்ல அவருக்கே நாக்கு தடுமாறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கேம்கள் மளமளவென்று போயின. முழங்கால் விண்விண் என்று தெறித்தது, பாலம்மாள் சட்டை செய்யவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது! எதிரே ஒரு நெஞ்சு நோயாளி நிற்கிறார், அவர் உயிரைக் காப்பாற்றத்தான் அடிக்கிறாள், எல்லாம் உண்மை. ஆனாலும் ஒவ்வொரு பந்தும் கோட்டில் விழும்போது உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்படித்தானா இருந்திருக்கும், இத்தனை நாளும் இப்படி ஆடியிருக்கலாமா என்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஐந்து-பூஜ்யம். மாமி பர்ஸை மூடியிருந்தாள்.

கடைசி கேமில் சாருக்கு வீம்பு வந்துவிட்டது. எட்டாது என்று தெரிந்தும் ஓட ஆரம்பித்தார். முதல் பந்துக்குப் பாதி தூரம் ஓடினார். இரண்டாவதுக்கு முழுத் தூரமும் ஓடி, ஈரக் கோட்டில் கால் வழுக்கி, பேட்டை ஊன்றித் தப்பித்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அப்பா, போறும்ப்பா!" என்று கத்தினான் கேஷவ். மாமி எழுந்தே நின்றுவிட்டாள்.

"உக்காருங்கோ எல்லாரும். பாலா, நீ போடு" என்றார்.

அவள் சர்வீஸில் ஒரு பாயிண்ட் அவரைத் தொடாமல் போனது. மேட்ச் பாயிண்ட். அடுத்த சர்வீஸை எப்படியோ கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டார். பந்து சும்மா ஒரு குடை மாதிரி உயரக் கிளம்பி, வலைக்குப் பக்கத்தில் அவளைத் தேடி இறங்கியது. பாலம்மாள் கையைத் தூக்கியபடி எதிரே பார்த்தாள். ராகவேந்திரன் சார் வலது ஓரத்தில் நிற்கிறார், இடது பக்கம் முழுக்கக் காலி. அவள் அங்கேதான் அடிப்பாள் என்று ஊகித்து, அடிப்பதற்கு முன்பே இடது பக்கம் ஓட உடம்பைச் சாய்த்துவிட்டார். அங்கே அடித்தால் கடைசி மூச்சுவரை ஓடுவார். பேட்டுக்குப் போட்டால் நின்ற இடத்தில் எடுத்துவிடுவார், உயிர் தப்பும், ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். பெங்களூரில் வந்த அதே பந்து. கை அதே பழைய இடத்துக்குப் போகத் துடித்தது.

பாலம்மாள் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, அவர் முதுகுக்குப் பின்னால், வலது பக்கக் கோட்டின் மேல் அடித்தாள். குழி விழுகிற மாதிரி ஒரு சத்தம். பந்து அவர் விட்டுவிட்டு வந்த பக்கமாகச் சீறி வேலிக் கம்பியில் போய் மோதியது. ராகவேந்திரன் சார் ஒரே ஒரு எட்டு வைத்திருந்தார். அதோடு நின்றார்.

யாரும் கைதட்டவில்லை. அருவிச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. அவர் நின்றுகொண்டே இருந்தார். விழப்போகிறாரா, நடக்கப்போகிறாரா என்று தெரியாமல் பாலம்மாள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக வலையை நோக்கி வந்து கையை நீட்டினார். கை சில்லென்று இருந்தது, ஆனால் பிடி உறுதியாக இருந்தது. மாமி ஓடி வந்து மாத்திரையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும்வரை கண்ணை மூடியிருந்தார். முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆட்கள் வராண்டாவுக்குக் கலைந்தார்கள். பாலம்மாள் பழக்கதோஷத்தில் சாக்கை எடுத்தாள்.

"இழுக்காதே, இரு" என்றார்.

எழுந்து வந்து தன் பக்கத்துக் கோர்ட்டைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஒவ்வொரு தடமாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் மூலையில், எல்லாம் கோட்டில். நடுவில் ஒரு பாய் அளவுக்குச் சுத்தமாகக் கிடந்தது.

"எத்தன பெரிய ஆட்டம்" என்றார். "இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தே இத்தன வருஷமும்?"

அவள் சாக்கின் ஈரத்தை உதறினாள்.

அவர் கடைசித் தடத்துக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "தொண்ணூத்து மூணுல, நீ டெல்லிக்குப் போறதுக்கு முந்தின நாள் நாம ஆடினோமே. ஆட்டம் முடிஞ்சு நான் கை குடுக்கறதுக்குள்ள கடற்கரை உள்ள வந்து சாக்க இழுத்துட்டான். மழை வரும் சாமின்னான். மழையே வரல அன்னிக்கு. இத்தன வருஷமா எனக்கு அது உறைக்கவே இல்ல பாரு."

பாலம்மாள் மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதற்கு நேற்றையிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். ஓடினால் நிற்கிற நெஞ்சு ஒன்று, இதைக் கேட்டால் நிற்கிற நெஞ்சு இன்னொன்று.

"நெஜத்தச் சொல்லு. அன்னிக்கு நான் ஜெயிச்சேனா?"

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஜெயிச்சீய சார். அன்னைக்கு நான் என்னால ஆன மட்டும் ஆடுனேன். நெசமாவே நீங்கதான் ஜெயிச்சீய."

ராகவேந்திரன் சார் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சாரலையோ எதையோ துடைத்தார்.

"பொய்யக்கூட எம் பேட்டுக்கே போடறியே, பாலா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்தார். பாதி தூரம் போனவர் நின்றார்.

"நாளைக்கு எப்பவும் போல ஆறரைக்கு வந்துடு. எப்பவும் போலவே ஆடுவோம்" என்றார், திரும்பாமலே. "சாக்க மட்டும் ஒடனே இழுத்துடு. மறந்துடாதே."